மேற்குச் சுவரின் ஒன்பது அங்குலம்

முக்காலியின் மேல் ஒரு சின்ன டப்பாவை நிறுத்தினார்கள். லேசரில் அளக்கும் கருவியாம். அது தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிக்கொண்டது. “அவ்வளவுதான் சார், கூடம் முடிஞ்சுது” என்றார் பிருந்தா. நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் இளம் பொறியாளர் அவர். செங்கல்பட்டில் ஒரு பழைய வீட்டை அளக்கப் போகிறோம், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்.

“உங்க காலத்துல இதுக்கு எவ்ளோ நேரம் ஆவும் சார்?”

“நாலு பேர், ஒண்ணரை நாள்.”

“அப்போ தப்பு வராதா?”

“வரும்.”

“வந்தா என்ன பண்ணுவீங்க?”

நின்றுகொண்டே பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த எழுத்துத்தான் இது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாலிடெக்னிக்கில் வரைவாளர் படிப்பு. முடித்த கையோடு ஒரு பாலம் கட்டும் பிரிவில் ஏழெட்டு மாதம் கோடு போட்டேன். எழுபதுகளின் நடுவில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு பாரம்பரியப் பூங்கா அமைப்பதென்று முடிவானது. சாலை விரிவாக்கத்தில் இடிபடப் போகும் பழைய வீடுகளைச் சட்டம் சட்டமாகப் பிரித்து, கொண்டுவந்து, இருந்தபடியே மறுபடி கட்டி நிறுத்துவது திட்டம். யாரையும் கேட்காமல் நான் விண்ணப்பம் எழுதிப் போட்டேன். வேறு யாரும் போடவில்லையாம். எனக்கு வேலை கிடைத்தது.

எங்களுக்கு மேலதிகாரி உதவிப் பொறியாளர் ஏகாம்பரம். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வரைபடத்தைப் பலகையில் விரித்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே படிப்பார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். “டிராஃப்ட்ஸ்மேன்”, “மேஸ்திரி”, “டிரைவர்”தான். பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது. ஏதாவது ஒரு அளவின் மேல் சிவப்புப் பென்சிலை வைத்து, “இது அளந்ததா, நெனச்சதா?” என்று கேட்பார். அளந்தது என்றால் பென்சில் நகரும். இல்லையென்றால் அங்கேயே நிற்கும்.

அவர் வகுத்த முறை கடுமையானது. ஒரு அறையை அளந்தால் ஆறு அளவு: நான்கு பக்கம், இரண்டு மூலைவிட்டம். எல்லாம் அந்த இடத்திலேயே, களப் புத்தகத்தில், மையில் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதலாம். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். ரப்பரைத் தொடக் கூடாது.

முதல் வீடு கருங்குழியில், ஒரு விவசாயக் குடும்பத்து வீடு. பிரித்த ஒவ்வொரு மரத்துக்கும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதி லாரியில் ஏற்றி அனுப்பினோம். பூங்காவில் இறக்கிய ஆட்கள், பழைய மரம் அழுக்காக வந்திருக்கிறதே என்று அக்கறையாகத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பாதி எண் போய்விட்டது. தச்சர் கன்னியப்பன் அதைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், வூட்டுக்குத் தலைக்கு ஊத்திட்டானுங்களா?” என்றார். அந்த வீட்டைச் சேர்க்க ஒரு மழைக்காலம் ஓடியது. அதன் பிறகு எண்ணைத் தகரத் தகட்டில் பொளிந்து, சுவருக்குள் மறைகிற முனையில் ஆணி அடித்தோம்.

இரண்டாவது வீடு சதுரங்கப்பட்டினத்தில். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

வீட்டுக்காரர் ரஹமத் பீவி. ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கும். கணவர் இல்லை. கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். வீடு அவருடைய தகப்பனார் கட்டியது. சென்னையில் வியாபாரம் செய்த தம்பி, எப்படியும் ரோட்டுக்குப் போகப் போகிறது, தேக்கையாவது மரக்கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அக்காவும் தம்பியும் அதில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ரஹமத் பீவி எங்களுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. கூடத்துக்கு மேற்கே ஒரு சிறிய தொழுகை அறை. அது எந்தத் திசை பார்த்திருந்ததோ அதே திசை பார்த்து நிற்க வேண்டும். வருடத்தில் ஒரு நாள் அவர் வந்து அங்கே தொழ வேண்டும்.

“அத்தா மவுத்தானது அந்த ரூம்லதான் தம்பி. தொழுதுகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. வூடு போவட்டும். அது மட்டும் மாறாம இருந்தா போதும்” என்றார்.

“ஒரு நூல்கூட மாறாதும்மா” என்றேன் நான். அப்படிச் சொல்ல என்னை யாரும் கேட்கவில்லை.

அளந்த நாள் நல்ல வெயில். கடல்காற்று உப்பில் என் பேனா கசிந்து விரலெல்லாம் மை. பென்சிலில் எழுதிக்கொண்டு பிறகு மையில் ஏற்றலாம் என்று நினைத்தேன். தொழுகை அறைக்கு வந்தபோது வடக்குச் சுவர் உள்ளளவு பத்தடி மூன்று அங்குலம் வந்தது. தெற்குச் சுவர் பதினோரு அடி. மூலைவிட்டங்களும் ஒத்துப்போகவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்த ஆள் புதுசு. அவன் தொய்வாகப் பிடித்திருப்பான், இல்லையென்றால் அந்தக் காலத்துக் கொத்தனார் கண் மட்டத்தில் கட்டியிருப்பார் என்று நானே முடிவு செய்தேன். திரும்ப அளக்கவில்லை. ரஹமத் பீவி வாசற்படியில் கதவைப் பிடித்தபடி நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அன்று சாயங்காலம் செங்கல்பட்டில் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து, பென்சில் எண்களை ரப்பரால் அழித்தேன். இரண்டு பக்கத்துக்கும் சராசரி எடுத்து, பத்தடி ஏழரை அங்குலம் என்று மையில் எழுதினேன். வரைபடத்தில் அறை அழகான செவ்வகமாக வந்தது.

ஏகாம்பரம் சார் அந்த எண்ணின் மேல் சிவப்புப் பென்சிலை வைத்துக் கேட்டார். “அளந்தது சார்” என்றேன்.

வீட்டைப் பிரித்தோம். மேற்குச் சுவரில் இருந்த சுண்ணாம்பு மாடத்தை அப்படியே பாளமாக அறுத்து எடுத்து, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடைத்தோம். பூங்காவில் இடம் குறித்தபோது நான் ஒரு சண்டையே போட்டேன். எல்லா வீடும் நடைபாதையைப் பார்த்து நிற்க வேண்டும் என்றார் பூங்காவின் வடிவமைப்பாளர். இது மட்டும் பழைய தெருவில் எப்படி நின்றதோ அப்படித்தான் நிற்கும் என்று நான் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடி ஜெயித்தேன். அந்தம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

தொழுகை அறையின் சுவர்கள் எழும்பி, கூரைச் சட்டங்களை ஏற்றுகிற நாள் வந்தது. வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக எட்டுத் தேக்குச் சட்டங்கள். ஒவ்வொன்றும் கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் உட்கார வேண்டும். திறப்பு விழாவுக்கு மந்திரி வருகிற தேதி குறித்தாகிவிட்டது. கன்னியப்பன் மேலேயிருந்து கூப்பிட்டார்.

“சார், தெக்கால கீற மூணு சட்டம் செவுத்தோட வெளி மொகம் வரைக்கும் வருது. பூச்சு எதுல நிக்கும்?”

“எவ்வளவு கூடுதல்?”

“நாலு அங்குலம், மூணு அங்குலம், ஒண்ணு கொஞ்சம் கம்மி.”

“அறுத்துடுங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லு சார். தேக்கு. அறுத்தா வளராது.”

“படத்துல எட்டும் ஒரே நீளம்தான். அறுங்க.”

அறுத்தார். அடுத்து வடக்குப் பக்கத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி குரல்.

“இன்னா சார் இது, இந்தாண்ட கீறது செவுத்துல ஒக்காரவே மாட்டேங்குது. நாலு விரக்கடைதான் ஏறுது. அந்தாண்ட நீளம், இந்தாண்ட குட்டை. வூட்டுக்காரரு ஒண்ணொண்ணா ஒவ்வொரு கடையில வாங்கினாரா?”

நான் சட்டங்களைக் கீழே இறக்கச் சொன்னேன். தகட்டு எண் வரிசையில் மணலில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினோம். தேக்கில் சுவருக்குள் இருந்த முனை சுண்ணாம்பேறி வெளுத்திருக்கும். அறைக்குள் தெரிந்த பகுதி விளக்குப் புகையில் கறுத்திருக்கும். கிழக்கு முனைகளின் வெளுப்பு முடிகிற இடத்தை ஒரே நேராக வைத்துப் பார்த்தேன். மறுமுனையில் கறுப்பு ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு அங்குலம் போல நீண்டுகொண்டே போனது. வடக்கிலிருந்து தெற்குக்கு, ஒழுங்காக, படிக்கட்டு மாதிரி. தொய்ந்த டேப்பு அப்படி ஒரு படிக்கட்டைச் செய்யாது. கண் மட்டத்தில் கட்டிய கொத்தனாரும் செய்ய மாட்டார். யாரோ வேண்டுமென்றே கணக்காகத் திருப்பி வைத்த சுவர் அது. அதுவும் மேற்குச் சுவர். மாடம் இருந்த சுவர். அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டில் தொழுதிருக்கிறார்கள்.

கன்னியப்பன் என் முகத்தைப் பார்த்தார். “இன்னா சார்?” என்றார். பிறகு அவரும் சட்டங்களைப் பார்த்தார். அறுத்துப் போட்ட மூன்று துண்டுகளையும் பொறுக்கித் துணியில் சுற்றி வைத்தார்.

பழைய இடத்தில் போய் அடித்தளத்தை அளக்கலாம் என்றால், அங்கே ஜல்லி கொட்டி ரோடு ரோலர் ஓடிவிட்டது. அந்த அறை எப்படி இருந்தது என்று சொல்ல என் வரைபடத்தை விட்டால் அலுவலகத்தில் வேறு காகிதம் இல்லை. வரைபடம் பொய். அந்த வாரம் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. குட்டைச் சட்டங்களுக்கு அடியில் ஒரு கல் முட்டுக் கொடுத்தால் போதும். வீடு நிற்கும், மந்திரி வருவார், ரஹமத் பீவியும் வந்து பார்த்து நல்லா இருக்கிறது தம்பி என்று சொல்வார். இதை நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் அதுவும் ரப்பர் போட்ட மாதிரிதான். ஒரு முழு மத்தியானம் யோசித்தேன்.

பிறகு களப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

நடந்ததைச் சொன்னேன். ஏகாம்பரம் சார் நின்றபடியே கேட்டுக்கொண்டார். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திருப்பி, வெளியே வெயிலுக்கு வந்து, தாளைச் சாய்த்துப் பிடித்தார். பென்சில் போயிருந்தது, அழுத்தி எழுதிய தடம் தாளில் பள்ளமாக இருந்தது.

“பத்து, மூணு” என்று படித்தார். “கீழ... பதினொண்ணு. அப்புறம் சைபர். மூலைவிட்டம் படிக்க முடியல. நீ சட்டத்துல அளந்தது என்ன?”

அறுக்காத ஐந்து சட்டங்களின் கறுப்பு நீளத்தையும், துண்டுகளைப் பொருத்தி அளந்த மூன்றையும் சொன்னேன். அவர் உள்ளங்கையில் குறித்துக்கொண்டே வந்தார். தடத்தில் இருந்ததும் சட்டத்தில் இருந்ததும் கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போயின.

“எழுது” என்றார்.

“என்ன சார்?”

“அறிக்கை. ‘என்னால்’னு ஆரம்பி.”

நான் எழுதினேன். என்னால், தொழுகை அறையின் அளவுகள் களத்தில் எடுக்கப்பட்டபின் அழிக்கப்பட்டு, சராசரி அளவு பதியப்பட்டது. அந்தத் தவறான அளவின்படி மேற்குச் சுவர் கட்டப்பட்டது. மூன்று சட்டங்கள் என் உத்தரவின் பேரில் அறுக்கப்பட்டன. ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் சொல்ல, என் கையெழுத்தில் நான் எழுதினேன். ‘அறியாமல்’ என்று ஒரு வார்த்தையை நடுவில் சேர்த்தேன். சிவப்புப் பென்சிலால் அதை அடித்தார். அடியில் தன் பெயரையும் எழுதி, ‘சரிபார்த்து ஏற்றேன்’ என்று கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு மெமோ வந்தது. அவருக்கும் வந்தது என்பது பல வருடம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

“செவுத்தைப் பிரிக்கச் சொல்லு. அந்தம்மாகிட்ட நீ போய்ச் சொல்லு.”

“சரி பண்ணிட்டு அப்புறம் சொல்லலாமா சார்?”

“சரி பண்ணப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்கு? இப்பவே போ.”

ரஹமத் பீவியின் கடையில் அப்போது கூட்டம் இல்லை. புளி எடை போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தராசுத் தட்டைக் கையிலேயே பிடித்திருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“தெரு கோணல் தம்பி” என்றார் மெதுவாக. “வூடு தெருவுக்கு நேரா இருக்கட்டும், அந்த ஒரு செவுரு மட்டும் கிப்லாவுக்கு, மக்கா கீற தெசைக்குத் திரும்பணும்னு அத்தா நின்னு கட்டினது. பள்ளிவாசல் இமாம் வந்து கயிறு புடிச்சாராம். எனக்கு அப்போ ஏழு வயசு.”

“எனக்குத் தெரியலம்மா.”

“எப்படித் தெரியும்? நீ அளந்துகினு இருந்தப்போ நான் எங்க இருந்தேன்?”

அவரே சொன்னார்.

“வாசப்படியிலதானே நின்னுகினு இருந்தேன்? உன் கண்ணுக்கு நேரா. ‘ஏம்மா இது கோணலா கீது’ன்னு ஒரு வார்த்தை கேக்குறதுக்கு இன்னா?” தட்டைக் கீழே வைத்தார். “எல்லாத்தையும் அளந்தியே. கதவு, ஜன்னல், ஆணிகூட எண்ணினே. என்னை மட்டும் ஒண்ணுமே கேக்கல.”

தலையைக் குனிந்தபடி திரும்பினேன். போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்: “தம்பிக்காரன் காதுல இது விழுந்துச்சுன்னா, மரக்கடைக்கே குடுத்திருக்கலாம்னுவான். சீக்கிரம் பாரு.”

மேற்குச் சுவரைப் பிரித்தோம். “ஒம்போது அங்குலத்துக்கு ஒரு செவுரா!” என்று மேஸ்திரி முனகினார். “ஒங்க வூட்டுத் தலைவாசலை ஒம்போது அங்குலம் நகர்த்தி வெக்கட்டா?” என்று கன்னியப்பன் அவர் வாயை அடைத்தார். புதுக் கோட்டில் நூல் கட்டியபோது இரண்டு முனையிலும் நானே உட்கார்ந்து அளந்தேன். அறுத்த சட்டங்களில் பழைய துண்டுகளையே சேர்த்து, மரமுளை அடித்து இணைத்தார் கன்னியப்பன். அந்த இணைப்புகள் தெரியத்தான் செய்யும். தெரியட்டும், பூச வேண்டாம் என்று ஏகாம்பரம் சார் சொல்லிவிட்டார். திறப்பு விழா தள்ளிப்போனது. மந்திரி வேறு எதையோ திறக்கப் போய்விட்டார்.

அறை முடிந்ததும் ரஹமத் பீவிக்குச் சொல்லி அனுப்பினேன். பஸ்ஸில் தனியாக வந்தார். கக்கத்தில் ஒரு கோரைப்பாய். கூடத்தையோ தூண்களையோ அவர் நின்று பார்க்கவில்லை. நேராக அந்த அறைக்குப் போய், செருப்பை வெளியே விட்டு, வாசலில் நின்று மாடத்தைப் பார்த்தார். மேலே சட்டங்களைப் பார்த்தார். இணைப்புகள் இருந்த இடத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது.

பாயைச் சுவருக்கு நேராக விரித்தார். பிறகு காலால் அதன் ஒரு மூலையை லேசாகத் தள்ளினார். பாய் சுவரை விட்டுக் கொஞ்சம் திரும்பியது. குனிந்து பார்த்து, இன்னும் ஒரு விரலளவு தள்ளினார்.

இன்னும் தப்பா? நூலைப் பிடித்த இடம், தாளின் தடம், சட்டத்தின் கறுப்பு என்று மனம் ஓடியது. சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

“ஏம்மா பாயைத் திருப்புறீங்க? சுவர் சரியில்லையா?”

அவர் நிமிர்ந்தார். “செவுரு சரியாத்தான் கீது. இப்படித்தான் இருந்துச்சு.” பாயைப் பார்த்தார். “செவுரு ஏறினதுக்கு அப்புறம் அத்தாவுக்குச் சந்தேகம். பள்ளிவாசலோட வெச்சுப் பாத்து, இன்னும் கொஞ்சம் வடக்கே வரணும்னாரு. அதுக்காகக் கட்டின செவுத்தை இடிக்க முடியுமா? பாயைத் திருப்பிக்கினாரு. இருந்த வரைக்கும் இப்படித்தான் போடுவாரு.” அவர் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. “இடிச்சுக் கட்ட அவருகிட்ட கவர்மெண்டா இருந்துச்சு?”

நான் வெளியே வந்து தூணருகில் நின்றேன். அவர் தொழுதார். தோப்பில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் ஆனது.

முடித்து எழுந்து பாயைச் சுருட்டப் போனபோது, “அம்மா, கொஞ்சம் அப்படியே இருக்கட்டும்” என்று உள்ளே போனேன். பாயின் இரண்டு மூலையும் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று பதிய டேப்பை எடுத்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். சுற்றிலும் யாரும் இல்லை.

“குடு இப்படி” என்று கை நீட்டினார்.

பாயின் தலைமாட்டு மூலையில் முனையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, “இன்னா வருது, படி” என்றார். படித்தேன். எழுந்து அடுத்த மூலைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அதையும் படித்தேன்.

“எழுதிக்கினியா?”

“எழுதிட்டேம்மா.”

“காட்டு” என்று புத்தகத்தை வாங்கி, இரண்டு எண்ணையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாயைச் சுருட்டினார்.